ஸ்கேனில் தெரியாததையும் சொல்லுங்கள்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பால்வெட்டுக்கும் செம்பனைக்கும் போய்ப் பிழைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. வயிறு எரிந்தால் ‘கேஸ்ட்ரிக்’ என்று வெள்ளை மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவதுதான் வழக்கம். நம் மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் இரைப்பைப் புற்றுநோய் அதிகம். அது தனிக்கதை.

என் மாமாவுக்கு, வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் ஸ்கோப் செய்து இரைப்பைப் புற்றுநோய் உறுதியானது. பிறகு கையில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். “ஸ்கேன் ஓகே” என்றார் இளம் டாக்டர். வீட்டில் பாயசமே வைத்துவிட்டோம். அடுத்த முறை போனபோது, வயிற்றில் சின்ன துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள். மாமா கையெழுத்துப் போடவில்லை. “ஓகேன்னா எதுக்கு ஓட்டை?”

நியாயமான கேள்விதானே? ஒரு தமிழ்த் தாதிதான் அப்பாயின்மென்ட் அட்டையின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தால் சி.டி.யில் பெரும்பாலும் தெரிந்துவிடும். நெறிக்கட்டியில் (நிணநீர்க் கணுவில்) பரவியிருக்கிறதா என்பதை முக்கியமாக அதன் அளவை வைத்துத்தான் கணிக்கிறார்கள். சின்னதாக இருப்பதிலும் புற்று இருக்கலாம், வீங்கியது வெறும் அழற்சியாகவும் இருக்கலாம். வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வில் ஜவ்வரிசிபோல் ஒட்டியிருக்கும் புற்றின் சிறு புள்ளிகளோ பல நேரம் ஸ்கேனுக்குத் தப்பிவிடும். கேமராவில்தான் அவற்றை நேராகப் பார்க்க முடியும். பெட் ஸ்கேன் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். அது சர்க்கரையை இழுக்கும் இடத்தைக் காட்டுவது. இரைப்பைப் புற்றில் சில வகைகள் அவ்வளவாகச் சர்க்கரையை இழுப்பதில்லையாம்.

மாமா அன்றே கையெழுத்துப் போட்டார். கேமராவில் புள்ளிகள் தெரிந்தன. புற்று ஏற்கெனவே பரவிவிட்டதால், இரைப்பையை எடுக்கும் பெரிய அறுவையை விட்டுவிட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பார்க்காமலே வயிற்றைத் திறந்திருந்தால் வீண் வேதனைதான்.

டாக்டர்மேல் கோபமில்லை. வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று நானே பார்த்தேன். ஆனால் அந்தத் தாதி அன்று விடுமுறையில் இருந்திருந்தால்?

ஆகவே, ஸ்கேன் முடிவோடு ஒரு தாள் கொடுங்கள். மலாயில் இருப்பது தமிழிலும் சீனத்திலும் இருக்கட்டும். இந்த ஸ்கேனில் எது தெரியும், எது தெரியாது, அடுத்து என்ன சோதனை, ஏன் என்று படத்தோடு இருந்தால் போதும். அப்புறம், கையெழுத்து வாங்குமுன் நோயாளியின் மொழி தெரிந்த ஒருவரைத் தொலைபேசியிலாவது பேசவையுங்கள். படம் வரைய ஆளில்லை என்றால் சொல்லியனுப்புங்கள். எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் நானே கேட்கிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாசி ஒருவர்