சூடான் இல்லையடா, சுந்தா!

பாண்டுங்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. "சூடானில் சண்டையாமே, பத்திரமா?" என்று கேட்டிருக்கிறாய். செபாஸ்டின் சார் இதைப் படித்தால் உன் புவியியல் மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்வார். நான் இருப்பது இந்தோனேசியா. ஜாவா தீவின் மேற்குப் பக்கம். இங்கே இருப்பவர்கள் சுந்தா மக்கள். 1883இல் கிராகடோவா எரிமலை வெடித்ததே, சுந்தா நீரிணை, அந்தச் சுந்தா! ஏறக்குறைய நாலு கோடிப் பேர். ஆனால் ஜாவாக்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதே. இதே தீவில் இருந்துகொண்டு, யோக்யகர்த்தா பக்கம் போவதை "ஜாவாவுக்குப் போகிறேன்" என்பார்கள். நம்மைப் போலவே 'ஃப' வராது, எல்லாம் 'ப'தான். அதை அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். உன் 'பைலு'ம் 'பேனு'ம் இங்கே நன்றாகவே எடுபடும்.

அப்புறம், ஒரு விஷயம் என்னைக் குடைகிறது. வீட்டுக்காரம்மாவின் பேரனுக்குப் பதினாறு வயது. தெருவில் கூட்டாளிகளோடு சுந்தாவில்தான் கத்துவான். வாசற்படி ஏறிவிட்டால் பாட்டியிடம் இந்தோனேசிய மொழிதான். ஏனடா என்று கேட்டேன். தப்பாகப் பேசிவிட்டால் மரியாதை கெட்டவன் என்பார்களாம்.

அவன் சொல்வதும் நியாயம்தான். சாப்பிடுவதற்கே பார்: பெரியவர் சாப்பிட்டால் 'துவாங்'. அவர் முன்னால் தன்னைச் சொல்லும்போது 'நெடா'. கூட்டாளிகளுக்குள் 'டஹார்'. திட்டும்போது 'ஞாத்து'. இந்தோனேசிய மொழியில் எல்லோருக்கும் ஒரே 'மாக்கான்', வம்பே இல்லை. முந்தாநாள் சோறு போடும்போது அவன் சுந்தாவில் ஆரம்பித்து, பாட்டியைப் பார்த்து 'டஹார்' என்றுவிட்டான். கிழவி 'ச்சு' கொட்டினாள். பையன் முகம் சிவந்து இந்தோனேசிய மொழிக்கே தாவிவிட்டான். அவன் போன பிறகு என்னிடம் புலம்பல்: "என்னை யாரோ போல நடத்துகிறான்."

'ச்சு' கொட்டியது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. வாடகைக்கு இருப்பவன், பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த அடுக்கு மரியாதை ஆதியில் வந்ததும் இல்லையாம். 17ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் மத்தாராம் அரசு இந்த மலைநாட்டைப் பிடித்தபோது, இங்குள்ள பிரபுக்கள் அந்த அரசவைப் பேச்சைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. பாண்டென் பக்கம், காட்டுக்குள் ஒதுங்கி வாழும் பாடுய் மக்கள் இன்றும் இப்படி அடுக்குப் பார்க்காமல்தான் சுந்தா பேசுகிறார்கள். அவர்களுக்கு மரியாதை தெரியாதா என்ன?

நகராட்சியும் சும்மா இல்லை. புதன்கிழமை சுந்தா உடை உடுத்தி சுந்தாவில் பேசச் சொல்லி 'ரெபோ ஞுண்டா' என்று வைத்திருக்கிறார்கள். கிழமை பார்த்துப் பேச மொழி என்ன விரதமா? இருந்தாலும் அன்று பையன் தலையில் இகெட் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பும்போது கிழவிக்கு வாயெல்லாம் பல்.

சரி, மில்லில் சம்பளம் ஒழுங்காக வருகிறது. குமார் வீட்டுப் புதுமனைக்கு வர முடியாது. என் பெயரில் ஆயிரம் மொய் எழுதிவிடு.

உன்,
மணி