காமாலை இறங்கினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லீரல் புற்றுநோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை முழுக்க மதுவைப் பற்றியே பேசியது. மது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் குடியாத்தத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடியையே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. கல்லீரலைத் தாக்கி நாளடைவில் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடிய ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் காமாலை என்றால் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து குடிப்பார்கள். கண் வெளுத்ததும் தீர்ந்தது என்று விட்டுவிடுவார்கள். தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பி அப்படியில்லை. பெரியவர்களுக்குத் தொற்றினால் அநேகமாக உடம்பே விரட்டிவிடும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் நிரந்தரமாகத் தங்கிவிடும். காமாலையே காட்டாமல் பல ஆண்டுகள் உள்ளே கிடக்கும். கீழாநெல்லியைக் குறைத்துப் பேசவில்லை. சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் அதற்குச் சாதகமான முடிவை வெளியிட்டார்கள். பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பெற்ற ப்ளம்பெர்க்கும் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தார். ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

உறவினர் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வருவார்கள், தலைப்பிரசவத்துக்கு வருவார்கள், அப்போதுதான் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று தெரியும். அப்புறம் அந்தச் சீட்டு பீரோவுக்குள் போய்விடும். வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம். ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் இவற்றால்தான் பரவும். ஆகவே ஒருவருக்கு இருந்தால் தாய், உடன்பிறந்தவர்கள், துணை, பிள்ளைகள் எல்லோருக்கும் சோதனை செய்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். நம் நாட்டில் குழந்தைகளுக்கான பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது முழுமையாகச் சேர்ந்தது 2011 வாக்கில்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் போட்டதே இல்லை. தைவான் 1984-லேயே தொடங்கியது. அங்கே குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை ஆய்வுகள் காட்டின.

பி வகை இருப்பவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களும், ஐம்பதைத் தாண்டிய பெண்களும், அதோடு பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தக் காரணத்தாலாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே கல்லீரல் புற்றுநோய்க்கான அறிகுறி பார்க்கும் ஏ.எஃப்.பி. ரத்தச் சோதனையும் சொல்வார்கள். சிறிய கட்டியாக இருக்கும்போதே பிடித்தால் வெட்டி எடுக்கலாம், ஊசி வழியாகச் சுட்டுக் கருக்கலாம், கல்லீரல் மாற்று அறுவையும் செய்யலாம். வலியும் வயிற்று வீக்கமும் வந்த பிறகு போனால் பெரும்பாலும் ஆயுளைக் கொஞ்சம் நீட்டிக்கும் மருந்துகள்தான் மிஞ்சும்.

வேர்க்கடலை விளையும் ஊர்க்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டு, வறுத்தாலும் முழுக்கப் போகாது. பி வைரஸ் இருப்பவர்களுக்கு அது புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்கு ஏற்றும். சொத்தைக் கடலையைத் தூர எறிந்துவிடுங்கள்.

அடுத்த இதழிலாவது இதையெல்லாம் போடுங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் வைரஸை அடக்கும் மாத்திரையும் இலவசம் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஸ்கேனை நிறுத்தக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம்.