ஐந்தாவது வாக்கியத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'இது புத்தக வாரம். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் புத்தகத்தை எடுத்து, 56ஆம் பக்கத்தின் ஐந்தாவது வாக்கியத்தை எழுதுங்கள். நூலின் பெயரைச் சொல்லாதீர்கள்' என்னும் செய்தி முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அவ்வப்போது வலம் வருகிறது. (நம் நாட்டின் நூலக வார விழா நவம்பர் 14 முதல் 20 வரை என்பதைப் பற்றி அச்செய்திக்குக் கவலையில்லை, எந்த மாதமும் வரும்.) இந்த விளையாட்டைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கத்தில், வாசகர்கள் பங்குகொள்ளும் சிறு கட்டமாக வெளியிட வேண்டும் என்பதும், பெயரை மறைக்கும் அந்தக் கடைசி விதியை மட்டும் அடியோடு நீக்கிவிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

நூலைத் தற்செயலாகப் பிரித்து, கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியின் ஏடுகளுக்கிடையே கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டில் உள்ள பாடலை விடையாகக் கொள்ளும் 'கயிறு சாத்திப் பார்க்கும்' வழக்கம் சைவ மரபில் நெடுங்காலமாக உண்டு. பெண்ணாடத்தில் பிள்ளைப்பேறின்றி வருந்திய அச்சுத களப்பாளருக்காக, அவருடைய குரு தேவாரச் சுவடிக்குப் பூசை செய்து கயிறு சாத்தியபோது, திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் 'பேயடையா பிரிவெய்தும்' என்னும் பாடல் வந்தது; வெண்காட்டு முக்குளத்தில் (அத்தலத்தின் மூன்று குளங்கள்) நீராடுவோர் பிள்ளைப்பேறு பெறுவர் என்கிறது அது. அதை நம்பி அவர் மனைவியுடன் வெண்காட்டு முக்குளத்தில் நீராடி வழிபட, பிறந்த பிள்ளையே பின்னாளில் சிவஞானபோதம் என்னும் சைவ சித்தாந்த நூலைத் தந்த மெய்கண்டார் ஆனார் என்பது வரலாறு. கயிறு சாத்தியபோது வந்தது பதிகத்தின் இரண்டாம் பாடல். முதற்பாடலான 'கண்காட்டு நுதலானும்' வந்திருந்தால் அதில் இறைவனின் திருக்கோலம் உண்டே தவிர, பிள்ளைப்பேறு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அங்கே வந்தது ஒரு முழுப் பாடல். எந்த நூல், யார் பாடியது, எந்தத் தலத்தில் பாடியது என்பதெல்லாம் கேட்டவர் அனைவருக்கும் தெரியும். ஏடுகளில் முற்றுப்புள்ளியே கிடையாது என்பதால் 'ஐந்தாவது வாக்கியம்' என்று எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. அச்சும் உரைநடையும் வந்தபின் ஒற்றை வாக்கியத்தைக் கிள்ளி எடுப்பது எளிதாகிவிட்டது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. நாவலில் ஒரு கொடியவன் பேசும் பேச்சு, பெயரின்றி வெளியே வந்தால், அடுத்த வாரமே ஏதேனும் ஒரு தலைவரின் படத்துக்குக் கீழே பொன்மொழியாக உலவத் தொடங்கிவிடும். ஆகவே நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகிய நான்கும் இல்லாத வாக்கியத்தைத் தாங்கள் வெளியிடலாகாது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறுவதால், ஆண்டு இல்லாத பக்க எண்ணால் பயனுமில்லை.

மற்றொன்று, 'மிக அருகில்' என்பதை வாசகர்கள் நேர்மையாகக் கடைப்பிடிக்க வேண்டும். எல்லோருடைய கைக்கெட்டும் தூரத்திலும் திருக்குறளும் உலக இலக்கியமும் மட்டுமே இருப்பதாகப் பதிவுகளைப் பார்த்தால் தோன்றுகிறது. என் அனுபவத்தில் நம் வீடுகளில் முதலில் அகப்படுபவை பஞ்சாங்கம், பத்தாம் வகுப்பு அறிவியல், டிஎன்பிஎஸ்சி கையேடு, அட்டை கிழிந்த சமையல் குறிப்பு ஆகியவையே. இதை எழுதும் மேசையில் என் முழங்கையருகே கிடப்பதும் பஞ்சாங்கம்தான். பிரித்த இடத்தில் செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், பரிகாரம் பால் என்றிருக்கிறது. இத்தகைய வரிகள் வெளிவருவதில் எந்தக் குறைவும் இல்லை. ஒரு மாவட்டத்தின் வீடுகளில் உண்மையில் எந்தப் புத்தகங்கள் புழங்குகின்றன என்பதை விற்பனைப் பட்டியல்களைவிட இந்தக் கட்டம் தெளிவாகக் காட்டும் என்று நம்புகிறேன்.

வாரம் ஐந்தாறு வாக்கியங்களுக்கு இடம் தந்தால் போதும். அறுபது பக்கம்கூட இல்லாத சிறு நூல்கள் பல இருப்பதால், 56க்குப் பதிலாகப் பன்னிரண்டாம் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வரும் நவம்பர் நூலக வார விழாவில் தொடங்கினால், கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்களும் சேர்ந்துகொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
விருத்தாசலம்.