ஆற்றலை இழந்து சூடாகும் கொத்து

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்ட படத்தை எல்லாரும் பார்த்தோம். மூக்கு அப்படியே உன் மூக்கு. எனக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதமாகிறது, பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. நேற்று மழை விட்டதும் மொட்டை மாடிக்குப் போய், மருமகன் வாங்கித் தந்த பைனாகுலரைப் பெகாசஸ் விண்மீன் குழுவின் பக்கம் திருப்பினேன். எம்15 என்ற நட்சத்திரக் கொத்து கண்ணில் பட்டது. பஞ்சைப் பிய்த்து வைத்த மாதிரி சின்ன வெள்ளைத் திட்டு. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். தூரம் ஏறக்குறைய 33,000 ஒளியாண்டு.

உடனே உன் ஞாபகம்தான் வந்தது. விடுதியில் ஒரு ராத்திரி கேட்டாயே, "நட்சத்திரம் இவ்வளவு வெப்பத்தைக் கொட்டுகிறதே, ஆறிப்போக வேண்டாமா?" என்று. அணுக்கரு இணைவு என்று சொல்லி உன்னைத் தூங்க அனுப்பிவிட்டேன். அது பாதிப் பதில்தான். இத்தனை வருஷம் பாய்லரோடு வாழ்ந்தவன் நீ, மீதி உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளை எடுத்துக்கொள். மெல்லிய காற்று உரசி அதன் ஆற்றல் குறைகிறது. வேகம் குறையும் என்றுதானே நினைப்போம்? கூடுகிறது! கீழே இறங்குவதால் நிலை ஆற்றலிலிருந்து இரண்டு ரூபாய் கிடைக்கிறது. ஒரு ரூபாய் உரசலில் போகிறது, ஒரு ரூபாய் இயக்க ஆற்றலாகக் கையில் நிற்கிறது. தன் ஈர்ப்பாலேயே கட்டுண்டு கிடக்கும் எந்தக் கூட்டத்துக்கும், நீ கேட்ட நட்சத்திரத்துக்கும், இதே கணக்குதான். நட்சத்திரக் கொத்துக்கு வெப்பநிலை என்பது அதன் நட்சத்திரங்கள் ஓடும் வேகம். ஆற்றலை இழந்தால் அது சுருங்கிச் சூடாகும். ஆற்றல் கொடுத்தால் விரிந்து குளிரும். ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று சொல்லும் வெப்ப ஏற்புத்திறனே எதிர்க்குறி!

உன் பாய்லரில் இது ஏன் நடப்பதில்லை? தண்ணீர் மூலக்கூறுக்கு அக்கம்பக்கத்தாரோடு மட்டும்தான் உறவு. பத்து லிட்டரை இரண்டாகப் பிரித்தால் ஆற்றலும் இரண்டாகப் பிரியும். நாம் படித்த வெப்ப இயக்கவியல் முழுக்க இந்தப் பங்கீட்டின் மேல்தான் நிற்கிறது. ஈர்ப்பில் ஒவ்வொரு நட்சத்திரமும் மற்ற எல்லாவற்றையும் இழுக்கிறது. அதைப் பங்கு போட முடியாது.

இதிலிருந்து விபரீதம் ஒன்று பிறக்கிறது. கொத்தின் மையம் சூடு, வெளிப்புறம் அதைவிடக் குளிர். வெப்பம் வெளியே பாயும். பாய்ந்ததால் மையம் இன்னும் சூடாகும். அதனால் இன்னும் வேகமாகப் பாயும். நட்சத்திரங்கள் மோதாமல் எப்படி வெப்பத்தைப் பரிமாறுகின்றன என்று கேட்பாய். தொலைவிலிருந்து வரும் சின்னச் சின்ன இழுப்புகள் சேர்ந்து அதைச் செய்கின்றன. அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று விரிவாகக் கணக்கிட்டவர்களில் ஒருவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். 1962இல் ரஷ்ய வானியலாளர் அன்டோனோவ், ஒரே வெப்பநிலையில் அடைபட்ட கொத்தில் மைய அடர்த்தி விளிம்பைவிட 709 மடங்கைத் தாண்டினால் நிலைப்பு போய்விடும் என்று காட்டினார். 1968இல் லிண்டன்-பெல், வுட் என்ற இரண்டு வானியலாளர்கள் அதன் காரணத்தை விளக்கினார்கள். நான் பார்த்த எம்15இன் மையம் அப்படி நிலைப்பு இழந்து உள்ளுக்குள் சரிந்ததுதான் என்கிறார்கள். சரிவை முடிவில் தடுப்பவை இரட்டை நட்சத்திரங்கள். அவை நெருங்கிச் சுற்றச் சுற்ற, மற்றவற்றுக்கு ஆற்றலைக் கொடுக்கின்றன.

சரி, மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவான பிளாஸ்மாவிலும் நெடுந்தூர விசைதானே, அது ஏன் இப்படி ஆடவில்லை? அங்கே நேர் மின்னும் எதிர் மின்னும் கலந்திருக்கின்றன. ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி எதிர்க்குறி கூடி அதை மறைத்துவிடும். டியூப்லைட்டுக்குள் அந்த மறைப்புத் தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எதிர்க்குறி நிறை கிடையாது என்பதால் ஈர்ப்பை மறைக்க வழியில்லை.

எலக்ட்ரான்களை மட்டும் காந்தப்புலத்தில் அடைத்தால் கதை மாறுகிறது. அமெரிக்காவின் சாண்டியாகோவில் 1970களிலிருந்து இதைச் செய்கிறார்கள். அந்த எலக்ட்ரான் தூண் குறுக்குவாட்டில் நகர்வது, தண்ணீரில் சுழல்கள் நகரும் அதே விதிப்படி. அடைபட்ட இடத்தில் இருக்கும் சுழல்களுக்கு ஆற்றலை ஏற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்கு மேல் அவை அமையக்கூடிய விதங்கள் குறையும். அப்போது வெப்பநிலையே எதிர்க்குறியாகும், ஒரே திசைச் சுழல்கள் ஒன்றாகக் கூடும் என்று 1949இலேயே சொன்னார் ஆன்சாகர் என்ற விஞ்ஞானி. 2019இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு குழுக்கள் மீக்குளிர் அணுக்களில் அந்தச் சுழல் கூட்டங்களை நேரில் பார்த்துவிட்டன. எழுபது வருஷம், சுந்தரம்! படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம், தங்கச்சியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இருவரும் கார்த்திகைக்கு வாருங்கள். பெகாசஸ் மேற்கே சாய்வதற்குள் உனக்கு எம்15ஐக் காட்ட வேண்டும். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
ராமு