ஐந்து கம்பி போதும்

அன்பு மகள் கவிதாவுக்கு,

நீ அனுப்பிய, ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' இசைத்தட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. உள்ளே வைத்திருந்த சீட்டையும் படித்தேன். "அப்பா, உங்க ஹீரோக்களுக்கு எண்பது வயசாயிடுச்சு. இன்னும் எதுக்கு மேடை ஏறணும்? பேசாம வீட்டுல இருக்கக் கூடாதா?" போனில் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். எழுதிக் கேட்டுவிட்டாய், எழுதியே பதில் சொல்கிறேன். கேள்வி ரோலிங் ஸ்டோன்ஸைப் பற்றியது மட்டும் இல்லை என்பதும் தெரியும். போன தடவை என் மோதிர விரல் மடங்க மறுத்ததைப் பார்த்துவிட்டு, கிட்டாரை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டுப் போனவள்தானே நீ.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2005-ல் அவர்களுடைய 'எ பிகர் பேங்' ஆல்பம் வந்தது. அதற்கப்புறம் சொந்தப் பாட்டுகளோடு ஓர் ஆல்பம் வர 2023 அக்டோபர் ஆனது. முழுசாக 18 வருடம். நடுவில் 2016-ல் வந்த 'ப்ளூ அண்ட் லோன்சம்' முழுக்க மற்றவர்களுடைய பழைய ப்ளூஸ் பாட்டுகள், மூன்றே நாளில் பதிவு செய்தது. (எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அது வேறு விஷயம்.) மற்றபடி அறுபதுகளிலும் எழுபதுகளிலும் போட்ட பாட்டுகளை வைத்துத்தான் ஸ்டேடியம் ஸ்டேடியமாகச் சுற்றினார்கள். 2024 வட அமெரிக்கப் பயணத்துக்கு விளம்பரதாரர் யார் தெரியுமா? ஏ.ஏ.ஆர்.பி., அதாவது அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்களுக்காக ஆரம்பித்த சங்கம்! எப்படியும் நீ கண்டுபிடித்துக் கேலி செய்வாய் என்றுதான் நானே சொல்லிவிட்டேன்.

நிறுத்தியிருக்க வேண்டும் என்று நானே ஒரு தடவை கோபப்பட்டிருக்கிறேன். 2021 ஆகஸ்ட் 24 அன்று சார்லி வாட்ஸ் போனார், 80 வயதில். 1963 ஜனவரியிலிருந்து அவர்தான் டிரம்ஸ். பழைய வீடியோ எதையாவது போட்டு அவருடைய வலது கையை மட்டும் பார். மற்ற டிரம்ஸ்காரர்கள் ஹை-ஹாட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற அந்த ஜோடித் தாளத்தட்டை, விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இவர் மட்டும், இடது கை ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் விழுகிற அந்தக் கணத்தில், வலது கையை லேசாகத் தூக்கிவிடுவார். ஓர் அடி விட்டுப்போகும். அந்த இம்மி இடைவெளியில்தான் பாட்டு மூச்சு விடும். பயணம் போகிற ஊரிலெல்லாம் தான் படுத்த ஹோட்டல் கட்டிலை வரைந்து வைக்கிற மனுஷன் அவர். விளம்பரம் பிடிக்காது, கூட்டம் பிடிக்காது, ஆனால் தாளம் மட்டும் தப்பாது.

அவர் போய் ஒரு மாதம் ஆன கையோடு, செப்டம்பர் 26, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மேடை ஏறிவிட்டார்கள். இத்தனை அவசரம் என்ன என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். சிகிச்சைக்காகப் பயணத்திலிருந்து விலகியபோதே, தன் இடத்தில் உட்காரச் சொல்லி நண்பரும் டிரம்ஸ் கலைஞருமான ஸ்டீவ் ஜோர்டனிடம் கேட்டதே சார்லிதான். அன்றைக்கு நிகழ்ச்சி தொடங்கும்போது மேடையில் யாரும் இல்லை. தனியாக டிரம்ஸ் சத்தம் மட்டும், திரையில் சார்லியின் படங்கள். ஜோர்டன் அவரை நகல் எடுக்கவில்லை. இன்னும் அழுத்தமாக அடிக்கிறார். எனக்குப் பழக ஒரு வருடம் ஆனது.

இப்போது நீ அனுப்பிய தட்டுக்கு வருகிறேன். பாட்டுகள் வருடக்கணக்கில் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தன. கடைசியில் குழுவின் பாடகர் மிக் ஜாகர்தான் 2023 காதலர் தினத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று கெடு வைத்தார். தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் இவர்கள் வயதில் பாதிகூட இல்லை. அதில் சார்லி இறப்பதற்கு முன் வாசித்துவைத்த இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. ஒன்று 'லிவ் பை தி ஸ்வோர்ட்'. அதில் பேஸ் கிட்டார் வாசிப்பது பில் வைமன், 1993-ல் குழுவை விட்டுப் போனவர். சார்லியோடு இன்னொரு தடவை வாசிக்க வந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பாட்டும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்றில் பளபளப்பு தூக்கல். ஆனால் கடைசிப் பாட்டை விளக்கை அணைத்துவிட்டுக் கேள். அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பழைய பாட்டு அது, குழுவுக்குப் பேர் வந்ததே அதிலிருந்துதான். மிக்கும் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸும் மட்டும். ஒரு கிட்டார், ஒரு ஹார்மோனிகா. 1961-ல் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் இருவரும் பார்த்துப் பேசிக்கொண்டபோது மிக் கையில் வைத்திருந்த தட்டுகளில் மடி வாட்டர்ஸும் இருந்தார்.

சரி, விரலுக்கு வருவோம். கீத் ரிச்சர்ட்ஸின் விரல்களைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பார். ஒவ்வொரு மூட்டும் முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி புடைத்திருக்கும். மூட்டுவாதம். வலி இல்லை, ஆனால் முன்பு மாதிரி வாசிக்க வராத இடத்தில் வேறு வழி கிடைக்கிறது என்று 2023-ல் பேட்டி கொடுத்தார். அவரிடம் ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. அறுபதுகளின் கடைசியிலேயே கிட்டாரின் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, மிச்சம் ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி சேர்த்துக்கொண்டார். விரலே வைக்காமல் மீட்டினால் முழு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, கேட்கும். ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் அடுத்த கார்ட். வயசுக்காகச் செய்தது இல்லை, அந்த ஒலிக்காகச் செய்தது.

உனக்குத் தெரியாமல் போன மாதம் ஸ்டூல் போட்டு ஏறி (கோபப்படாதே, ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான்) கிட்டாரை இறக்கிவிட்டேன். ஆறாவதைக் கழற்றினேன். ஐந்தாவதையும் முதலாவதையும் தலா ஒரு முழுச் சுரம் இறக்கினேன், மற்றவை இருந்தபடியே. ஆள்காட்டி விரல் ஒன்றே போதுமாயிருக்கிறது. மோதிர விரல் அது பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. பழைய வேகம் வரவில்லை. அதற்கு நான் ஆசைப்படவும் இல்லை.

நேற்று மூன்றாவது கம்பி அறுந்துவிட்டது. அடுத்த மாதம் வரும்போது ஒரு செட் வாங்கி வா. ஆறாகத்தான் விற்பார்கள், பரவாயில்லை. தடிமனான அந்த ஒன்றை நீயே வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா