ஊருணிக் கரையும் ஆய்வுக்கூடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மகள் எம்.எஸ்சி. நிலவியலில் சேர்ந்தபோது, கல்லையும் மண்ணையும் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. சரி, கேட்கட்டும். இந்தக் காரைக்குடிப் பக்கம் செம்புறாங்கல் எப்படி வந்தது, அதாவது காலங்காலமாகப் பெய்த மழை பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டுபோக இரும்பும் அலுமினியமும் தங்கிச் சிவந்த கதையை, வெட்டும்போது மெத்தென்று இருக்கும் அதே கல் வெயில்பட்டால் ஏன் இறுகுகிறது என்பதை, அவள் சொல்லித்தான் ஐம்பது வயதில் நான் தெரிந்துகொண்டேன்.

என் வருத்தம் வேறு. இரண்டு வருடப் படிப்பில் அவள் வகுப்பைக் களத்துக்குக் கூட்டிப்போனது ஒரே ஒரு முறை, பஸ்ஸுக்குப் பணமில்லையாம். பஸ் எதற்கு? ஊருக்கு ஊர் ஊருணி இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது. மாதம் ஒரு தடவை கிணற்று நீர்மட்டத்தை அளக்க ஒரு டேப்பும் நோட்டும் போதும், பத்து வருடம் விடாமல் எழுதினால் அதுவே நல்ல ஆய்வு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்த மண் இது. பல்கலைக்கழகங்களும் ஊராட்சிகளும் சேர்ந்து இந்த மழைக்காலத்திலேயே அளக்கத் தொடங்க வேண்டும்.

ஒரு தாய்,
கானாடுகாத்தான்