சுட்ட கல்லும் சுடாத காலும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதி என் இடது உள்ளங்கால். பயப்படாதே, புண் ஆறிக்கொண்டு வருகிறது.

பங்குனி வெயிலில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தோம். உச்சிப் பொழுதில் போவது யார் யோசனை என்று கேட்காதே. பிராகாரக் கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. இவள் நிழலைத் தேடிக் குதித்துக் குதித்து ஓடினாள். நானோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிதானமாக நடந்தேன். "நீங்கள் தீமிதிக்கே போகலாம்" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரவு குளித்துவிட்டு வந்தபோது தரையில் என் ஈரக் கால்தடம். ஒன்று விட்டு ஒன்று சிவப்பு. கொப்புளம் உடைந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினார். 10 கிராம் அழுத்தத்தில் அது வளைந்துவிடுமாம். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். நான் நெடுநேரம் காத்திருந்தேன். அவர் அதற்குள் முடித்துவிட்டிருந்தார். நரம்பைச் சோதிக்க நரம்பு!

பிறகு சுத்தியலை எடுத்தார். பள்ளியில் பெஞ்சின்மேல் உட்கார்ந்து ஒருவன் முழங்காலுக்குக் கீழே இன்னொருவன் கை ஓரத்தால் தட்டுவோமே, நினைவிருக்கிறதா? உன் கால் எகிறி வாத்தியார் வேட்டியில் பட்டது. அந்த உதைக்கு மூளை தேவையில்லை. தட்டியதும் தொடைத் தசை இழுபடுகிறது; செய்தி ஒரு நரம்பணு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, அங்கேயே அடுத்த நரம்பணுவுக்குக் கைமாறி, உத்தரவாகத் தசைக்குத் திரும்பிவிடுகிறது. வருவாய்த்துறையில் காலம் தள்ளியவன் நீ, உனக்குச் சொல்ல வேண்டுமா? தாசில்தார் அளவிலேயே முடிந்த கோப்பு. கோட்டைக்கு நகல் மட்டும் போகும். சூடு பட்டால் காலை இழுத்துக்கொள்வதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான், நடுவே இரண்டொரு குமாஸ்தாக்கள் கூடுதல்.

முழங்காலில் தட்டினார், உதைத்தது. குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் அசையவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

என் விஷயத்தில் கீழிருந்து மனுவே போய்ச் சேரவில்லை. காரணம் 17 வருடச் சர்க்கரை. கால் பெருவிரலிலிருந்து தண்டுவடம் வரை வருவது ஒரே நரம்பணுவின் இழை, கிட்டத்தட்ட 1 மீட்டர். அதற்குச் சோறு போடும் உயிரணுவின் உடலோ இடுப்புக்கு அருகே முதுகெலும்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத பொட்டாக இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் நீளமான இழைகளின் நுனிதான் முதலில் கெடுகிறது. அதனால்தான் விரலில் தொடங்கி, காலுறையை இழுத்துவிடுவதுபோல மரமரப்பு மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரல் நுனியிலும் ஆரம்பிக்குமாம். எனக்குக் கணுக்காலோடு நிற்கிறது. போன வாரம் இட்லிப் பானை மூடியைத் தொட்டேன். கை வெடுக்கென்று பின்னால் வந்த பிறகுதான் 'ஸ்ஸ்' என்றேன். சுட்டதற்காக நான் சந்தோஷப்பட்டதை இவளிடம் விளக்க முடியவில்லை.

என்னைவிட இரண்டு வருடம் முன்பே மாத்திரை போட ஆரம்பித்தவன் நீ. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தேன் என்று சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததால்தான் இன்றே இதை எழுதுகிறேன். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது காலையும் காட்டு. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்துப் பார். குனிய முடியாது என்று சொல்லாதே. எனக்கு இவள்தான் பிடிக்கிறாள், திட்டிக்கொண்டே.

வைகாசியில் பேத்திக்குக் காதுகுத்து. குடும்பத்தோடு வந்துவிடு. மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் நாம் இரண்டு பேரும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்